தட்டு யார் கையில்

துறைத் தலைவர் குணாளன் ஆண்டறிக்கையில் அடுத்த பக்கத்தைத் திருப்பினார், கோகிலவாணிக்கு இடது மணிக்கட்டில் சுருக்கென்றது, அட போங்க சார், இன்னும் கிராம முகாமே முடியவில்லை, அதற்கப்புறம் ரத்ததானம் இருக்கிறது, தேசியத் தகுதித் தேர்வில் தேறியவர்கள் இருக்கிறார்கள், கபடி இருக்கிறது, வீதி நாடகம் இருக்கிறது, அனுமார் வால் மாதிரி நீளும் இந்த அறிக்கை முடிவதற்குள் கை கழன்று தட்டோடு கீழே விழுந்தாலும் விழும் என்று நினைத்துக்கொண்டாள். சமூகவியல் துறையின் ஆண்டு விழா. மேடையின் வலது ஓரத்தில், திரைச்சீலைக்கும் வரிசையின் கடைசி நாற்காலிக்கும் நடுவே, பட்டுப்புடவை கட்டிக்கொண்டு, கையில் ஓர் அகலத் தட்டோடு நிற்கிறாள் அவள். விருந்தினர்களுக்குப் பொன்னாடை போர்த்தியாயிற்று. இப்போது தட்டில் இருப்பவை கேடயங்களும், சுருட்டி நாடா கட்டிய சான்றிதழ்களும், யாரும் தொடாத ஒரு சந்தனக் கிண்ணமும். போன வருஷம்வரை கேடயம் தக்கையாகத்தான் இருந்தது. இந்த வருஷம் பார்த்து எந்தப் புண்ணியவானோ கனத்த மரத்தில் செய்யச் சொல்லியிருக்கிறான். அவற்றில் ஒரு கேடயத்தில் அவள் பெயர்தான், தலைகீழாகத் தெரிந்தது. தன் பரிசைத் தானே சுமந்துகொண்டு, அது தனக்குக் கிடைக்கும் நேரத்துக்காகக் காத்து நிற்கும் பாக்கியம் வேறு யாருக்காவது வாய்த்திருக்குமா என்று யோசித்தாள். சிரிப்பு வந்தது. சிரித்தால் தட்டு ஆடும் என்று உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

விஷயம் தெரியாதவர்களுக்கு இதில் என்ன சிரிப்பு என்று தோன்றும். அந்தக் கேடயம் எதற்குக் கிடைத்தது என்று கேட்டால் விளங்கும். போன வருஷம் முழுக்க அவளும் பானுவும் நவநீதனும் இன்னும் இரண்டு பேரும் ஊரில் நடக்கிற விழாக்களுக்கெல்லாம் அழையாத விருந்தாளியாகப் போனார்கள். பள்ளிக்கூட ஆண்டு விழா, நகைக்கடைத் திறப்பு, புத்தக வெளியீடு, கோயில் நோன்பித் திருவிழாவின் பரிசளிப்பு, குடியிருப்போர் சங்கக் கூட்டம், ஒன்று விடவில்லை. ஓசி டிபனுக்கு வந்த கூட்டம் என்று முறைத்தவர்கள் உண்டு. முறைத்துவிட்டுப் போகட்டும், டிபனும் சாப்பிட்டார்கள், கடைசி வரிசையில் உட்கார்ந்து குறிப்பும் எடுத்தார்கள். மைக்கை யார் பிடிக்கிறார், யார் உட்கார்கிறார், யார் நிற்கிறார், பேனர் யார் கட்டுகிறார், போர்த்திய பொன்னாடையை எடுத்து மடித்து வைப்பது யார், தட்டு யார் கையில். மற்றதிலெல்லாம் கொஞ்சம் அப்படி இப்படி இருந்தது. தட்டு விஷயத்தில் மட்டும் பேச்சுக்கே இடமில்லை. போன இடமெல்லாம் தட்டு ஒரு பெண்ணின் கையில்தான் இருந்தது, அவளுக்கு நாற்காலி இல்லை, அழைப்பிதழில் அவள் பெயர் இல்லை. அமைப்பாளர்களைக் கேட்டால் எல்லாரும் ஒரே பாட்டைப் பாடினார்கள்: "அதுங்களே ஆசையா வந்து நிக்குதுங்க, நாங்க என்ன பண்றது?" ஒரு பள்ளிக்கூடத்தில் ஒன்பதாவது படிக்கிற பிள்ளை ஒன்று, தட்டை இடுப்பில் முட்டுக் கொடுத்துக்கொண்டு சொன்னது, "நா செவப்பா ஒயரமா இருக்கறன்னு மிஸ்ஸு நிக்கச் சொன்னாங்கக்கா. கணக்குல மொத மார்க்கு வாங்குன பரிசு எனக்கும் இருக்குது, ஆனா அது கிளாஸுல குடுத்தர்றாங்களாம்." அந்தப் பிள்ளை சொன்னதைக் கட்டுரையின் முதல் பத்தியாக வைத்தவள் கோகிலவாணி. மாநில அளவிலான மாணவர் ஆய்வு மாநாட்டில் முதல் பரிசு வாங்கிக் கொடுத்தது அந்தப் பத்திதான் என்பதில் அவளுக்குச் சந்தேகமே கிடையாது.

மாநாட்டை நினைத்தால் இப்போதும் முதுகு தானாக நிமிர்கிறது. நிமிர்ந்தால் கைவலி கொஞ்சம் குறைகிறது, அதனால் இன்னொரு தரம் நினைத்தாள். எல்லார் சார்பிலும் கட்டுரையை வாசித்தவள் அவள், பரிசும் அவள் பெயரில்தான். அவள் பேசி முடித்ததும் முன்வரிசையில் இருந்த ஒரு பெரியவர், எந்த ஊர்ப் பேராசிரியரோ, எழுந்து நின்று, "ஏம்மா, பெண்கள் கையால தட்டு வாங்குறது மங்களம்னு காலம் காலமா இருக்கு. அதுல போயி குத்தம் கண்டுபிடிக்கணுமா?" என்றார். பானு மேஜைக்கடியில் அவள் புடவையைப் பிடித்து இழுத்தாள், வேண்டாம்டி, பெரிய மனுசர்டி என்பது அதற்கு அர்த்தம். கோகிலவாணி சிரித்துக்கொண்டே, "மங்களம்னே வெச்சுக்கலாங்க ஐயா. அவ்வளவு நல்லதப் பசங்களுக்குக் கொஞ்சங்கூடக் குடுக்காம நம்மளே வெச்சுக்கறது நாயமுங்களா?" என்று கேட்டாள். கைதட்டல் ஓய நேரமாயிற்று, பெரியவரும் சேர்ந்துதான் தட்டினார். தன்னைப் பற்றிக் குறைத்து நினைக்கும் பழக்கம் அவளுக்கு எந்தக் காலத்திலும் இருந்ததில்லை. பதில் சொல்லத் தெரியும், கேள்வி கேட்கத் தெரியும், கிராம முகாமில் தண்ணீர்த் தொட்டிக்காரரிடம் சண்டை போட்டுத் தொட்டியைக் கழுவ வைக்கவும் தெரியும், அதைத்தான் குணாளன் சார் இப்போது "மாணவர்களின் விழிப்புணர்வுப் பணியால் குடிநீர்த் தொட்டி தூய்மைப்படுத்தப்பட்டது" என்று வாசித்துக்கொண்டிருக்கிறார். விழிப்புணர்வாவது மண்ணாவது, தொண்டை கிழியக் கத்தினாள். இவ்வளவும் தெரிந்த வாய்தான் போன வாரம் அவளைக் காட்டிக்கொடுத்தது.

அதுதான் முள் மாதிரி குத்துகிறது. யாராவது நிற்கச் சொல்லியிருந்தால் சண்டை போட்டிருப்பாள். யாரும் சொல்லவில்லையே! விழா வேலைகளைப் பிரிக்க வகுப்பில் கூடினார்கள், நவநீதன் கரும்பலகையில் ஒவ்வொன்றாக எழுதினான், மைக் நானு, சேர் போடறது பிரபாகரு, பேனர் மாதேசு, சாப்பாடு ஜூனியர் பசங்க, அப்புறம் தட்டு என்றான், சாக்பீஸ் அந்தரத்தில் நின்றது, அரை நொடிகூட இருக்காது, "அத நாங்க பாத்துக்கறோம்" என்றாள் கோகிலவாணி. எழுதிவிட்டான். அடுத்தது கோலம். அதற்கும் நாங்க. அடுத்தது வரவேற்பு, பன்னீர் தெளிப்பது, அதற்கும் நாங்க. அந்த அறையில் இருந்தவர்கள் யார்? ஊர் ஊராகப் போய்த் தட்டை எண்ணியவர்கள். ஒருத்தருக்காவது உறைக்க வேண்டுமே! இன்று காலை விடுதியில், ஊக்கு ஒன்றைப் பல்லில் கடித்தபடி பானுவுக்கு மடிப்பு வைத்துக்கொண்டிருந்தபோது பானு கண்ணாடியைப் பார்த்துக் கேட்டாள், "ஏன்டி, பசங்கெல்லாம் பேன்ட் சட்டையில வர்றானுங்க, நாம எதுக்குடி பொழுது விடியறதுக்கு முன்னாடி எந்திரிச்சுச் சேலை கட்டறோம்?" தட்டு புடிக்கத்தான், என்று சொல்ல வாயெடுத்தவள் அப்படியே நின்றுவிட்டாள். கண்ணாடியில் இரண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்தார்கள். ஊக்கு வாயிலிருந்து விழுந்தது. "அய்யோ" என்றாள் பானு. "ஆமா" என்றாள் இவள். ஊருக்கு உபதேசம் என்பார்களே, அது. நாங்க பாத்துக்கறோம். என்னத்தைப் பார்த்துக்கொண்டாய் நீ? நாங்க பாத்துக்கறோம். வீட்டில் தண்ணீர் லாரி வந்தால் அம்மா சொல்வது, அப்பா சட்டையில் பொத்தான் அறுந்தால் அம்மா சொல்வது, அம்மாவின் அம்மாவும் சொல்லியிருப்பாள், அந்த இரண்டு வார்த்தை எந்த வழியாகவோ இறங்கி வந்து அவள் நாக்கின் நுனியில் உட்கார்ந்துகொண்டிருந்திருக்கிறது. முதுகலை படித்த நாக்கு என்று அது பயந்து ஓடிவிடவில்லை.

அம்மா ஆறாவது வரிசையில் இருக்கிறாள். துளசிமணி. பனியன் கம்பெனியில் தைத்து வருகிற உருப்படிகளைப் பிழை பார்த்துப் பிரிக்கிற வேலை. இன்றைக்கு அவசர ஆர்டராம், லீவு கிடையாது என்று சூப்பர்வைசர் ஒரே பிடியாக நின்றிருக்கிறான், "என்ற பொண்ணு மேடையேறிப் பரிசு வாங்குதுங்க தம்பி, நாம்போயிப் பாக்காட்டி ஆரு பாப்பா?" என்று கேட்டுவிட்டு அவன் பதிலுக்கு நிற்காமல் பஸ் ஏறிவிட்டாள். வந்தவளைப் போய்க் கூப்பிட முடியவில்லை, கோகிலவாணி அதற்குள் தட்டோடு மேலே ஏறிவிட்டிருந்தாள். அம்மா அவளைப் பார்த்ததும் கையை ஆட்டினாள். பிறகு பக்கத்தில் இருந்த அம்மாளின் தோளைத் தட்டி இவளைச் சுட்டிக் காட்டினாள். என்ன சொல்லியிருப்பாள் என்று கேட்க வேண்டியதே இல்லை: அந்தா, தட்டு வெச்சுட்டு நிக்கறா பாருங்க, அதுதா என்ற பொண்ணு. முகமெல்லாம் பூரிப்பு. அம்மாவுக்கு இதுவே போதும். மகள் மேடையில் இருக்கிறாள், பட்டு கட்டியிருக்கிறாள், பெரிய மனிதர்களுக்குப் பக்கத்தில் நிற்கிறாள். இதற்குத்தானா லீவில்லாமல் ஓடி வந்தாள்? அதை நினைத்தபோதுதான் கோகிலவாணிக்கு உண்மையாகவே வலித்தது. மணிக்கட்டு வலியெல்லாம் ஒன்றுமே இல்லை. அம்மா பார்க்க வேண்டியது வேறு. கீழேயிருந்து ஒருத்தி பெயர் சொல்லி அழைக்கப்பட்டு, எல்லாரும் பார்க்க நடந்து வந்து, படியேறி, வாங்க வேண்டும். இருந்த இடத்திலேயே அரை வட்டம் திரும்பித் தன் தட்டிலிருந்தே எடுத்துத் தன்னிடமே கொடுத்துக்கொள்வது என்ன பரிசு? தட்டுப் பிடித்த கூலி என்றல்லவா அம்மா நினைப்பாள், நினைத்து அதற்கும் சந்தோஷப்படுவாள்.

இறங்கிப் போய் உட்காரலாம் என்றால் அதற்கும் வழியில்லை. அறிக்கை தொடங்குமுன் சார் காதோரம் சொல்லிவிட்டார், "அங்கேயே நில்லும்மா, எறங்கி ஏறுனா பார்க்க நல்லா இருக்காது." அவர் கெட்டவர் இல்லை. இவர்களோடு டவுன் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு வந்தவர், மாநாட்டுக்குப் போக வாகனம் கிடைக்காதபோது தன் கார் சாவியை நவநீதன் கையில் கொடுத்தவர், கட்டுரையில் ஒரு கமாவையும் விடாமல் திருத்தியவர். பாலினமும் சமூகமும் என்ற தாளை நடத்துபவரே அவர்தான், அப்படி நடத்துவார், மணி அடித்தாலும் யாரும் எழமாட்டார்கள். ஆனால் விழா என்று வந்துவிட்டால் அவருக்கு எல்லாம் தடங்கலில்லாமல் நடக்க வேண்டும், குத்துவிளக்கின் ஐந்து திரியும் ஒரே உயரத்தில் எரிய வேண்டும். திங்கட்கிழமை அவள் முனைவர் பட்டத்துக்கு விண்ணப்பிக்கிறாள். வழிகாட்டி இடத்தில் அவர்தான் கையெழுத்துப் போட வேண்டும், அவரிடம் ஆய்வு மாணவருக்குக் காலியாக இருப்பது ஒரே இடம். டெல்லியிலிருந்து வந்த சிறப்பு விருந்தினர் முன்னால் அவர் முகத்தில் கரி பூசிவிட்டுத் திங்கட்கிழமை எந்த முகத்தோடு போய் நிற்பது? தட்டைப் பிடித்துக்கொண்டு இன்னும் கொஞ்ச நேரம் நின்றால் போகிறது, குறைந்தா போய்விடுவாய் என்று ஒரு குரல். நாங்க பாத்துக்கறோம் என்று சொன்ன அதே குரல்தான் அது. அவளுக்கு இப்போது நன்றாக அடையாளம் தெரிந்தது. தெரிந்ததும் பயம் பாதி போய்விட்டது, மீதி இருந்தது.

அறிக்கை ஒருவழியாக அவர்களுடைய ஆய்வுக்கு வந்தது. சார் குரலை உயர்த்தினார், கண்ணாடியைச் சரிசெய்தார், பெருமை அவருக்கு உண்மையாகவே இருந்தது. "பொது மேடைகளில் பெண்கள் எவ்வாறு ஓரத்தில் நிறுத்தப்படுகிறார்கள் என்பதை, நம் துறை மாணவர்கள் கள ஆய்வின் வழியாக ஐயத்துக்கு இடமின்றி நிறுவியிருக்கிறார்கள்" என்று வாசித்து, பாராட்டும் விதமாக வலக்கையைக் கூட்டத்தை நோக்கி வீசினார். கூட்டம் கைதட்டியது. அவள் அவருக்கு நாலடி தள்ளி, ஓரத்தில், நின்றுகொண்டிருந்தாள். பூங்கொத்துத் தட்டோடு பின்னால் நின்ற பானுவுக்கு இருமல் வந்துவிட்டது, அது இருமல் இல்லை என்று கோகிலவாணிக்குத் தெரியும். மைக்கருகே நின்ற நவநீதன் மெதுவாகத் திரும்பினான். தட்டைப் பார்த்தான், அவளைப் பார்த்தான், காதுமடல் வரை சிவந்துபோய் அறிக்கைத் தாளைப் பார்ப்பதுபோல் குனிந்துகொண்டான். இப்பவாவது உறைச்சுதே, மகராசா! சிறப்பு விருந்தினர் வசுமதி அம்மாளும் பார்த்தார். கட்டுரையைப் படித்துவிட்டுத்தான் வந்திருப்பார் போலிருக்கிறது, அவர் பார்வை தட்டில் கொஞ்ச நேரம் தங்கியது, பிறகு அவள் முகத்துக்கு வந்தது, என்ன பண்ணப் போறே என்று கேட்பதுபோல் புருவம் லேசாக ஏறியது. பண்ணுவதற்கு ஏதாவது இருக்கிறது என்பதே கோகிலவாணிக்கு அந்த நிமிஷம்தான் தோன்றியது.

நவநீதன் பரிசுக்குரியவர்களை அழைக்கத் தொடங்கினான். தகுதித் தேர்வில் தேறியவன் வந்தான், கீழேயிருந்து நடந்து, படியேறி, வாங்கி, போட்டோவுக்கு நின்று, போனான். அவன் கேடயத்தை அவள் தட்டிலிருந்துதான் எடுத்தார்கள். கபடி அணித் தலைவன் வந்தான், போனான். வரிசையில் அடுத்து யார் என்று அவளுக்குத் தெரியும், கேடயத்தைத்தான் கையில் வைத்திருக்கிறாளே. "மாநில ஆய்வு மாநாட்டில் முதல் பரிசு, முதுகலை இரண்டாமாண்டு, கோகிலவாணி!" நவநீதன் குரல் தேவைக்கு மேல் ஓங்கி ஒலித்தது. கைதட்டல் எழுந்தது. குணாளன் சார் எழுந்து அவள் பக்கம் சாய்ந்து, "நீ அங்கிருந்தே வாங்கிக்கம்மா, சுத்தி வந்தா நேரமாகும்" என்றார். அன்பாகத்தான் சொன்னார். தட்டை எங்கே வைப்பது? மேஜையில் பூச்சாடியும் தண்ணீர் பாட்டிலும் இடமில்லாமல் நின்றன. பானுவுக்கு இரண்டு கையும் நிறைய. தரையில் வைக்க மனம் வரவில்லை, அதில் நாலு பேரின் உழைப்பு இருக்கிறது. ஆனால் மேடையில் சும்மா இருந்த கைகள் எத்தனை! ஒரு வருஷமாக எண்ணிப் பழகிய கண்ணுக்கு அது எப்படித் தெரியாமல் போயிற்று? மடியில் கோத்த கைகள், நாற்காலிப் பிடியில் தாளம் போடும் கைகள், சட்டைப் பையைத் தடவும் கைகள். மிக அருகில் இருந்தவை குணாளன் சாருடையவை.

"சார், இதக் கொஞ்சம் புடிச்சுக்குங்க" என்றாள்.

நீட்டியதை வாங்கிக்கொள்வது கைகளின் இயல்பு. அவர் கைகள் வாங்கிக்கொண்டன, அப்புறம்தான் அவருக்கே தெரிந்தது. அவள் பின்பக்கப் படியால் இறங்கி, அரங்கின் பக்கவாட்டு வழியாகப் பின்னால் போய், நடுப்பாதையில் வந்தாள். கைதட்டல் நின்றுபோயிருந்தது, எல்லாருக்கும் குழப்பம். கைகள் இரண்டும் காற்றில் மிதப்பதுபோல் லேசாக இருந்தன, என்ன காரியம் பண்ணினேன், திங்கட்கிழமை, ஒரே இடம், மேடையில் சார் தட்டோடு நிற்கிறார், அந்தப் பக்கம் பார்க்காதே, பார்த்தால் ஓடிப்போய் வாங்கிவிடுவாய், நட. கையெழுத்துப் போட்டால் அவரிடம் படிப்பேன், போடாவிட்டால் வேறு பல்கலைக்கழகம் இருக்கிறது, நட. பின்வரிசையில் எவனோ விசிலடித்தான். யாரோ ஒருத்தி தனியாகக் கைதட்டினாள். ஆறாவது வரிசை. அம்மா மேடை ஓரத்தையே கழுத்தை நீட்டித் தேடிக்கொண்டிருந்தவள், பக்கத்தில் மகளைப் பார்த்ததும் திடுக்கிட்டு, "ஏங்கண்ணு, தட்ட உட்டுப்போட்டு எங்க போற?" என்றாள்.

"என்ற பேரக் கூப்பட்டாங்கம்மா. பரிசு வாங்கப் போறேன்."

அம்மா எழுந்து நின்றுவிட்டாள். அவள் நின்றதும் பக்கத்து அம்மாளும் எழுந்தாள், ஏன் என்று தெரியாமலே அந்த வரிசை எழுந்தது. கைதட்டல் மறுபடி பிடித்துக்கொண்டது. கோகிலவாணி முன்படியில் ஏறினாள், புடவைக் கொசுவத்தை ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு, அவசரமில்லாமல். வசுமதி அம்மாள் குணாளன் சார் ஏந்திய தட்டிலிருந்து கேடயத்தை எடுத்துக் கொடுத்து, அவள் கையை விடாமல் குலுக்கினார், வாய்விட்டுச் சிரித்தார். சார் சிரிக்கவில்லை. கோபமும் இல்லை. ஏதோ கணக்கு சட்டென்று விளங்கிவிட்ட மாணவன் முழிப்பதுபோல் தட்டைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு வழக்கம்போல் அதை அவள் பக்கம் நீட்டினார். அவள் கேடயத்தையும் சான்றிதழையும் காட்டினாள், இரண்டு கையும் நிறைந்திருந்தது.

"இன்னும் பரிசு வாங்கப் பசங்க இருக்காங்க சார்" என்று சொல்லிவிட்டு இறங்கி வந்தாள்.

அம்மா கேடயத்தை வாங்கி முந்தானையால் துடைத்தாள், துடைக்க அதில் ஒன்றுமில்லை. மேடையில் அடுத்த பெயர் கூப்பிட்டார்கள். தட்டை யாரும் வந்து வாங்கிக்கொள்ளவில்லை, குணாளன் சார் தட்டோடு வலது ஓரத்துக்கு நகர்ந்து நின்றுகொண்டார். அம்மா அவரையே பார்த்தாள்.

"தட்டு வெச்சுட்டு நிக்கறாரே, அவரு ஆரு கண்ணு?"

"அவருதாம்மா எங்க துறைத் தலைவரு."

"அப்படியா?" அம்மா இன்னும் கொஞ்ச நேரம் பார்த்தாள். "எடப்பக்கம் சாச்சுப் புடிக்கறாரு. பரவால்ல, பழகுனாச் செரியாப் போயிரும்."